பொய் சொல்லத் தெரியாத ஒற்றர்: நூருன்னிஸா இனாயத் கான்



ஒற்றர் என்ற சொல்லைக் கேட்டவுடன், வேடமிடுவதில் கைதேர்ந்த, எதற்கும் அஞ்சாத, கண் இமைக்காமல் பொய்யுரைக்கும் ஒரு மனிதரே நம் மனக்கண்முன் தோன்றுகிறார். இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சில் நாஜிகளுக்கு எதிரான இரகசியப் போராட்டத்தில் உயிர் நீத்த ஒரு முஸ்லிம் பெண்மணியிடம் இவற்றுள் ஒன்றுகூட இருக்கவில்லை. அவர் யாழ் மீட்டுபவர். குழந்தைகளுக்குக் கதை எழுதுபவர். துப்பாக்கியைக் கண்டாலே ஒதுங்குபவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பொய் சொல்வதைப் பாவமெனக் கருதி வளர்ந்தவர். அவர் பெயர் நூருன்னிஸா இனாயத் கான். அத்தகைய ஒருவர் அந்தப் பணிக்கு ஏன் சென்றார், சென்று என்ன செய்தார் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

திப்புவின் வழிவந்த குடும்பம்

நூர் 1914ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ரஷ்யாவின் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை ஹஜ்ரத் இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்த இசை மேதை. 1910இல் மேலைநாடு சென்று சூஃபி நெறியைப் போதித்தவர். அவருடைய போதனை எல்லாச் சமயத்தாரையும் ஒருங்கே அணைத்துச் செல்வதாய் இருந்தது. அது குறித்து ஆலிம் பெருமக்களிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. இங்கு நாம் பேச வந்த செய்தி அதுவன்று. தாயார் அமெரிக்கப் பெண்மணி; திருமணத்திற்குப்பின் அமீனா பேகம் என்ற பெயரை ஏற்றவர்.

இனாயத் கானின் பாட்டனார் மௌலா பக்ஷ் புகழ்பெற்ற இசைவாணர். அவர் மணம் புரிந்த பெண்மணி மாவீரர் திப்பு சுல்தானின் வழித்தோன்றல் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு வீழ்ந்த பின்னர், ஆங்கிலேயர் அவருடைய மக்களையும் குடும்பத்தாரையும் நம் வேலூர்க் கோட்டையில்தான் சிறை வைத்தனர். 1806 ஜூலையில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், இனி இவர்களைத் தெற்கே வைத்திருப்பது ஆபத்து என்று கருதிக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். திப்புவின் உறவினர் சிலருடைய மண்ணறைகள் இன்றும் வேலூரில் உள்ளன. இந்தச் செய்தியை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். திப்புவைக் கொன்றவர்களின் வாரிசுகளுக்காகவே திப்புவின் பேத்தி உயிரைக் கொடுத்தாரா என்ற கேள்வியைச் சிலர் இன்றும் எழுப்புகின்றனர். அதற்குப் பின்னர் வருவோம்.

முதல் உலகப் போர்க் காலத்தை லண்டனில் கழித்த அக்குடும்பம் 1920இல் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தது. பாரிஸ் நகரை அடுத்த சுரேன் என்னும் ஊரில் ‘ஃபஸல் மன்ஸில்’ என்ற பெயருடைய இல்லத்தில் நான்கு குழந்தைகளும் வளர்ந்தனர். 1927இல் தாயகம் வந்திருந்த இனாயத் கான் டெல்லியில் காலமானார். அவருடைய அடக்கத்தலம் நிஜாமுத்தீனில் இருக்கிறது. அப்போது நூருக்கு வயது 13. கணவரின் பிரிவால் நிலைகுலைந்த தாயார் அறைக்குள் முடங்கிப்போனார். தம்பியர் இருவரையும் தங்கையையும் கவனிக்கும் பொறுப்பு மூத்தவரான நூரின் தோளில் விழுந்தது. சமைத்தல், வீட்டைப் பேணுதல், தாயைத் தேற்றுதல் ஆகியவற்றுக்கிடையே சார்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியலும், தனியே இசையும் பயின்றார். பத்திரிகைக்கும் வானொலிக்கும் சிறுவர் கதைகள் எழுதினார். புத்தரின் முற்பிறவிக் கதைகள் இருபதைத் தேர்ந்து அவர் எழுதிய நூல் 1939இல் லண்டனில் வெளிவந்தது. பிறர் உயிரைக் காக்கத் தன் உயிரைக் கொடுக்கும் விலங்குகளின் கதைகள் அவற்றுள் பல.

அஹிம்சையும் போரும்

1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியது. நூரும் அவருடைய தம்பி விலாயத்தும் அமர்ந்து பேசினர். எவ்வுயிரையும் கொல்லலாகாது என்று தந்தை போதித்த வீடு அது. காந்தியடிகளின் அஹிம்சை நெறியையும் போற்றியவர்கள் அவர்கள். ஆயினும், ஓர் இனத்தையே அழிக்கப் புறப்பட்டிருக்கும் கொடுங்கோன்மையின் முன் கைகட்டி நிற்பது அக்கொடுமைக்குத் துணைபோவதாகுமே என்ற எண்ணம் இருவரையும் வாட்டியது. இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தனர். போரில் பங்கேற்பது, ஆனால் கொல்லும் பணியன்றி, ஆபத்து மிகுந்த வேறு பணியை நாடுவது. குடும்பம் போர்தோ துறைமுகம் வழியே கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தது. விலாயத் பின்னர்க் கடற்படையில் சேர்ந்தார். நூர் 1940 நவம்பர் 19ஆம் நாள் விமானப் படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து, வானொலித் தந்தி அனுப்பும் பயிற்சி பெற்றார். குளிரில் விரல்கள் வீங்கியிருக்க, கருவியின் விசையை அவர் ஓங்கித் தட்டும் ஓசையைக் கேட்டுத் தோழியர் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தனராம்.

அதிகாரி நிலை உயர்வுக்கான நேர்காணலில் இந்திய விடுதலை குறித்து அவரிடம் வினவப்பட்டது. கேட்பவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள், ஆண்டு 1942. மழுப்பியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ, ஜெர்மனியுடன் போர் நடக்கும்வரை தாம் எடுத்த உறுதிமொழிக்கு உண்மையாய் இருப்பதாகவும், போர் முடிந்தபின் தம் நிலையை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். பதவி போய்விட்டது என்றே எண்ணியிருந்தார். போகவில்லை.

மேற்சொன்ன கேள்விக்கு என் கருத்தில் இதுவே விடை. ஆங்கிலேயரின் பேரரசைக் காப்பதற்காக அவர் செல்லவில்லை. தாம் வளர்ந்த மண்ணாகிய பிரான்சை நாஜிகளின் பிடியிலிருந்து மீட்கவே சென்றார். ஒரே வேளையில் இரண்டு அநீதிகள் எதிரே நிற்கும்போது எதை முதலில் எதிர்ப்பது என்பதை அவர் எண்ணிப் பார்த்திருந்தார். எண்ணியதை முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தார்.

தேர்வும் தயக்கமும்

1940 ஜூலையில் பிரிட்டன் ஓர் இரகசிய அமைப்பை உருவாக்கியிருந்தது. சிறப்புச் செயற்பாட்டு நிர்வாகம் என்று அதனைக் கூறலாம். எதிரி கைப்பற்றிய நாடுகளில் உள்ளூர் எதிர்ப்புக் குழுக்களுக்கு ஆயுதமும் பணமும் பயிற்சியும் அளிப்பது அதன் வேலை. அதன் பிரெஞ்சுப் பிரிவு, பிரெஞ்சு மொழியைத் தாய்மொழிபோல் பேசுகிற, வானொலிக் கருவியை இயக்கத் தெரிந்த ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒருங்கே அமைந்தவர்கள் மிகக் குறைவு. 1942 நவம்பரில் நூர் அழைக்கப்பட்டார். பிடிபட்டால் சித்திரவதையும் மரணமும் நேரலாம் என்று நேர்காணல் செய்த அதிகாரி வெளிப்படையாகக் கூறினார். நூர் ஒப்புக்கொண்டார், தாயைத் தனியே விட்டுச் செல்கிறோமே என்ற ஒரு கவலைதான் புறப்படும் நாள்வரை அவரை விடவில்லை.

பயிற்சி அறிக்கைகளைப் படித்தால் நமக்கே கவலை பிறக்கும். ஆயுதங்களுக்கு அஞ்சுகிறார், பதற்றப்படுகிறார், நள்ளிரவில் எழுப்பி நடத்திய போலி விசாரணையில் நடுங்கிப் போனார். இவர் களப்பணிக்கு ஏற்றவரல்லர், அறிவும் போதாது என்று பயிற்சித் தலைவர் எழுதினார். பிரெஞ்சுப் பிரிவின் தலைவர் மோரிஸ் பக்மாஸ்டர் அதே தாளின் ஓரத்தில் அதை அபத்தம் என்று குறித்துவைத்தார். சங்கேதப் பிரிவின் தலைவராயிருந்த லியோ மார்க்ஸ் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பயிற்சியின்போது கருவியுடன் மிதிவண்டியில் சென்ற நூரை ஒரு காவலர் மறித்து என்ன செய்கிறாய் என்று கேட்க, தாம் இரகசியப் பணிக்குப் பயிற்சி பெறுவதாகவும் இதோ கருவி என்றும் நூர் உள்ளபடியே சொல்லிவிட்டாராம்!

சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் இதனை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. போரில் எதிரியை ஏமாற்றுவதற்கு உள்ள அனுமதியைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. எனினும் அனுமதி வேறு, இயல்பு வேறு. சிறுவயது முதல் உண்மையே நாவில் பழகிய ஒருவருக்கு, அனுமதிக்கப்பட்ட பொய்கூட எளிதில் வருவதில்லை. மார்க்ஸ் இதனைப் புரிந்துகொண்டார். நூரின் கதைநூலை வாங்கிப் படித்துவிட்டே அவரைச் சந்தித்தார். எதிரியிடம் பிடிபட்டு, செய்தி அனுப்புமாறு கட்டாயப்படுத்தப்பட்டால் வாய் திறந்து பொய் சொல்ல வேண்டியதில்லை. சங்கேதச் சொற்றொடரில் 18 எழுத்துகள் வருமாறு அமைத்து அனுப்பினால் போதும், நீ சிறைப்பட்டதை நான் அறிந்துகொள்வேன் என்று தனியொரு ஏற்பாட்டைச் செய்து கொடுத்தார்.

பாரிஸில் ஒரே கருவி

1943 ஜூன் 16ஆம் நாள் இரவு, நிலவொளியில், லைசாண்டர் எனப்படும் சிறு விமானம் நூரைப் பிரான்சின் ஆஞ்சே நகருக்கு அருகே இறக்கிவிட்டுத் திரும்பியது. வழியனுப்ப வந்த அதிகாரி வீரா அட்கின்ஸ், தாம் அணிந்திருந்த பறவை வடிவ வெள்ளிப் பதக்கத்தைக் கழற்றி நூருக்குக் கொடுத்தார். குழந்தைகளைப் பராமரிக்கும் செவிலியான ஜான் மரி ரெனியே என்பது அவர் ஏற்ற வேடம். ‘மடலின்’ என்பது இரகசியப் பெயர். பிரிட்டனிலிருந்து நாஜிகள் வசமிருந்த பிரான்சுக்குள் அனுப்பப்பட்ட முதல் பெண் வானொலியாளர் அவரே.

வானொலியாளரின் பணி என்ன என்பதைச் சற்று விளக்கவேண்டும். ஆயுதம் எந்த இரவில், எந்த வயலில் போடப்படவேண்டும். எவரை அழைத்துச் செல்ல விமானம் வரவேண்டும். எவர் பிடிபட்டார் – அனைத்தும் லண்டனுக்குச் செல்வது அவருடைய விரல்கள் வழியாகத்தான். அவர் இல்லையேல் ஒரு குழுவுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. கருவி ஒரு பெட்டிக்குள் இருக்கும். எடை ஏறத்தாழ 15 கிலோ. அலைவாங்கிக் கம்பியை நீளமாக வெளியே கட்டவேண்டும். செய்தி காற்றில் ஏறிய கணமே ஜெர்மானியரின் திசைகாட்டும் ஊர்திகள் தேடத் தொடங்கிவிடும். ஓரிடத்தில் 20 நிமிடத்திற்கு மேல் தங்குவது உயிருக்கு ஆபத்து. இப்பணியில் இருப்பவர் பிடிபடாமல் ஆறு வாரம் தாக்குப்பிடித்தாலே பெரிது என்பது அக்காலக் கணக்கு.

நூர் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவர் சார்ந்திருந்த ‘பிராஸ்பர்’ என்னும் பெரும் வலையமைப்பு சரிந்தது. அதன் தலைவர் பிரான்சிஸ் சட்டில் ஜூன் 24ஆம் நாள் பாரிஸில் கைதானார். அடுத்தடுத்துக் கைதுகள், வானொலியாளர்களும் தப்பவில்லை. நிலைமையை அறிந்த லண்டன், விமானம் அனுப்புகிறோம் திரும்பி வா என்றது. நூர் மறுத்துவிட்டார். பாரிஸில் எஞ்சியிருந்த கருவி அவருடையது ஒன்றுதான்; தாமும் போய்விட்டால் மீந்திருப்பவர்கள் அனைவரும் துண்டிக்கப்படுவர் என்பதே அவர் சொன்ன காரணம்.

துப்பாக்கியைக் கண்டு நடுங்கியவர், பொய் சொல்லத் தடுமாறியவர், திரும்ப அழைத்தபோது திரும்பவில்லை என்பதே இந்த வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த இடம். அச்சம் இல்லாதிருந்ததால் அவர் அங்கே தங்கவில்லை, அச்சத்தோடுதான் தங்கினார்.

அடுத்த மாதங்களில் தலைமுடியின் நிறத்தை மாற்றினார், தங்குமிடங்களை மாற்றினார், பெட்டியைச் சுமந்துகொண்டு நகரெங்கும் அலைந்தார். தம் சிறுவயதுத் தோழியரின் வீடுகளிலிருந்தும், எல்லாரும் தம்மை அறிந்திருந்த சுரேனிலிருந்தும்கூடச் செய்தி அனுப்பினார். விதிகளின்படி இது பெரும் பிழை. ஆயினும் ஊரார் எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருமுறை சுரங்க இரயிலில் இரு ஜெர்மானிய வீரர்கள் பெட்டியில் என்ன என்று கேட்டனர். திரைப்படம் காட்டும் கருவி என்று சொல்லி, திறந்தும் காட்டினார். உள்ளே இருந்த குமிழ்களைப் பார்த்துவிட்டு அவர்களும் நம்பினர். காவலரிடம் உண்மையை ஒப்பித்த அதே பெண்மணிதான்!

பிழைகளும் நேர்ந்தன, அவற்றை மறைப்பது நன்றன்று. வந்த புதிதில் சங்கேதத் தாள்கள் இருந்த பையை வெளிக்கூடத்தில் கவனமின்றி வைத்துவிட்டார். அதனினும் பெரிய பிழை, அனுப்பிய செய்திகளையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பாதுகாத்தது. செய்திகளைக் கோப்பிடுவதில் மிகுந்த கவனம் வேண்டும் என்று அவருக்குத் தரப்பட்ட அறிவுரையை, எல்லாவற்றையும் எழுதி வைக்கவேண்டும் என்று அவர் பொருள் கொண்டார். பயிற்சியை முழுமையாக முடிக்காத ஒருவரை அவசரமாக அனுப்பியவர்களுக்கும் இதில் பங்குண்டு என்பது என் கருத்து.

கைதும் சிறையும்

1943 அக்டோபர் நடுவில், லண்டனுக்குத் திரும்ப ஏற்பாடாகியிருந்த வேளையில், எவரோ பணத்திற்காக அவருடைய முகவரியை விற்றுவிட்டார். அந்தக் குற்றச்சாட்டில் ஒரு பெண் போருக்குப்பின் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். ஆதலால் எவர் என்று நாம் தீர்ப்பளிக்க இயலாது. நூர் வீடு திரும்பியபோது உள்ளே ஆள் காத்திருந்தான். எறும்புக்கும் தீங்கு எண்ணாதவர் என்று அறியப்பட்டவர் அவனைக் கடித்தும் அடித்தும் போராடினார். பாரிஸின் ஃபோஷ் நிழற்சாலை 84ஆம் எண் மாளிகைக்கு, நாஜிப் பாதுகாப்புத் துறையின் தலைமையகத்திற்கு, கொண்டு செல்லப்பட்டார். போய்ச் சேர்ந்த சிறிது நேரத்திலேயே குளியலறைச் சன்னல் வழியே வெளியேறித் தப்ப முயன்று பிடிபட்டார். நவம்பரில் வேறு இரு கைதிகளுடன் கூரை வழியே தப்பினார். அந்நேரம் பார்த்து விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலிக்க, காவலர் கைதிகளை எண்ணிப் பார்த்ததால் மூவரும் சிக்கினர். இனித் தப்ப முயல மாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிடச் சொன்னார்கள். அவர் மறுத்தார். எதிரிக்குக் கொடுக்கும் வாக்கையும் மீறக்கூடாது என்பதால்தான் அந்த வாக்கையே கொடுக்க மறுத்தார் போலும்.

அந்தத் தலைமையகத்தின் பொறுப்பாளர் ஹான்ஸ் கீஃபர் போருக்குப்பின் வீரா அட்கின்ஸிடம் அளித்த வாக்குமூலம் கவனத்திற்குரியது. நூரிடமிருந்து பயனுள்ள செய்தி எதையும் தாங்கள் பெறவில்லை என்றும், அவர் தொடர்ந்து பொய்யே சொல்லிவந்தார் என்றும், அவர் சொல்லில் எதையும் நம்ப முடியவில்லை என்றும் கீஃபர் கூறினார். ஆனால், நயமாகப் பேசிய மொழிபெயர்ப்பாளரிடம் தம் இளமைப் பருவம் பற்றியும் குடும்பம் பற்றியும் நூர் பேசியிருந்தார். அந்தச் சிறு விவரங்களும், கைப்பற்றிய கருவியும், அந்தக் குறிப்பேடும் சேர்ந்து ஜெர்மானியருக்கு ஓர் ஆயுதமாயின. நூரின் பெயரில் அவர்களே லண்டனுடன் பேசத் தொடங்கினர்.

18 எழுத்துச் சொற்றொடர் வந்தது என்றும், தாம் பக்மாஸ்டரிடம் எச்சரித்ததாகவும் மார்க்ஸ் எழுதியிருக்கிறார். எச்சரிக்கை பலிக்கவில்லை. லண்டன் தொடர்ந்து ஆட்களையும் ஆயுதங்களையும் அனுப்பியது. 1944 பிப்ரவரி இறுதியில் ஷார்த்ர் நகருக்கு அருகே வான்குடை வழியே இறங்கிய மூவர் நேரே ஜெர்மானியரின் கைகளில் விழுந்தனர். அவர்களுள் ஒருவர் மடலின் தமெர்மான் என்ற இளம் பெண். இந்தப் பெயரை மறவாதீர்கள்.

நூரோ இவை எதையும் அறியாமல் ஜெர்மனியின் போர்ட்ஸ்ஹைம் சிறையில் கிடந்தார். 1943 நவம்பர் இறுதியில் அங்கே கொண்டு செல்லப்பட்டவர், மிக ஆபத்தானவர் என வகைப்படுத்தப்பட்டு, கைகளும் கால்களும் சங்கிலியால் பிணைக்கப்பட்டு, ஏறத்தாழ பத்து மாதங்கள் தனிமையில் அடைக்கப்பட்டார். தாமாக உண்ணவோ உடலைத் தூய்மை செய்துகொள்ளவோ இயலாத நிலை. பேசவும் அனுமதியில்லை. சிறையின் தலைமை அலுவலரே பின்னாளில் இதற்குச் சாட்சியளித்தார். ஆனாலும் உணவு வழங்கும் குவளையின் அடியில் எழுத்துகளைக் கீறி மற்றக் கைதிகளுடன் பேச ஒரு வழி கண்டார். வானொலியாளர் அல்லவா!

1944 செப்டம்பர் 11ஆம் நாள் அவரை வெளியே எடுத்து, வேறு மூன்று பெண்களுடன் இரயிலேற்றி டாக்காவ் வதைமுகாமுக்கு அனுப்பினர். அந்த மூவருள் ஒருவர், நூரின் பெயரால் அனுப்பப்பட்ட பொய்ச் செய்தியை நம்பி இறக்கப்பட்ட மடலின் தமெர்மான். செப்டம்பர் 13ஆம் நாள் அதிகாலையில் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றிரவு முழுவதும் நூர் வதைக்கப்பட்டார் என்று பிற்காலச் சாட்சியம் ஒன்று கூறுகிறது. ‘விடுதலை’ என்ற பிரெஞ்சுச் சொல்லே அவர் கடைசியாகக் கூறியது என்றும் சொல்லப்படுகிறது. வயது 30. உடல்கள் எரிக்கப்பட்டன. டெல்லியில் தந்தைக்கு அடக்கத்தலம் உண்டு; மகளுக்கு எங்கும் இல்லை.

போருக்குப் பிறகு

நூர் எங்கே, எப்படி மாண்டார் என்பதுகூட உடனே தெரியவில்லை. வேறொரு பெண்ணை இவர் என்று தவறாகக் கருதி, 1944 ஜூலையில் நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்டதாகவே முதலில் முடிவு செய்தனர். அந்தத் தவறு திருந்தியதற்குக் காரணம், போர்ட்ஸ்ஹைமில் அவரோடு சிறைப்பட்டிருந்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. குவளையின் அடியில் கீறப்பட்டிருந்த பெயரையும் முகவரியையும் அவர் நினைவில் வைத்திருந்து எழுதியனுப்பினார். நோரா பேக்கர் என்பது நூர் பயன்படுத்திய பெயர்களுள் ஒன்று. பேக்கர் என்பது தாய்வழிக் குடும்பப் பெயர். முகவரி, லண்டன், டாவிட்டன் தெரு, 4ஆம் எண்.

பிரான்ஸ் அவருக்குத் தங்க நட்சத்திரத்துடன் கூடிய குருவா த கேர் விருதை வழங்கியது. பிரிட்டன் 1949 ஏப்ரலில் தன் உயரிய ஜார்ஜ் சிலுவை விருதை அளித்தது. அவர் பெயர் பின்னர் பல ஆண்டுகள் பொதுமக்களின் நினைவிலிருந்து மங்கிக் கிடந்தது. சிரபாணி பாசு எழுதிய வாழ்க்கை வரலாறு 2006இல் வெளிவந்தபின் மீண்டும் பேசப்படலாயிற்று. ‘ஒற்றர் இளவரசி’ என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அவர் அரண்மனையில் வாழ்ந்தவரல்லர். எவருடைய இரகசியத்தையும் திருடியவருமல்லர். பிறருடைய செய்திகளை அமானிதமாகப் பெற்று உரிய இடத்தில் சேர்ப்பித்தவர் என்பதே சரி. 2012 நவம்பரில் லண்டன் கார்டன் சதுக்கத்தில் அவருடைய மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை 14இல் சுரேனில் அவர் வாழ்ந்த இல்லத்தின் முன் இசைக்குழு நின்று மரியாதை செய்வதும் வழக்கமாக இருந்துவந்தது.

2020 ஆகஸ்டில், அவருடைய குடும்பம் போர்க்காலத்தில் குடியிருந்த லண்டன் வீட்டின் சுவரில் நீலநிற நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அந்த வீடு டாவிட்டன் தெரு 4ஆம் எண். சிறைக்குவளையின் அடியில் கீறப்பட்டிருந்த அதே முகவரி.